கணினியில் ஒரு முழத் துணி



பழைய கிரேக்க நாட்டில் சூக்சிஸ், பர்ராசியஸ் என்று இரண்டு ஓவியர்கள் இருந்தார்கள். தம்முள் சிறந்தவர் யார் என்பதை அறிய இருவரும் போட்டியில் இறங்கினார்கள். சூக்சிஸ் தீட்டிய திராட்சைக் குலையை மெய்யென்று எண்ணிப் பறவைகள் கொத்த வந்தன. அந்தப் பெருமிதத்தோடு அவர் பர்ராசியஸின் பக்கம் திரும்பி, படத்தை மூடியிருக்கும் திரைச்சீலையை விலக்கிக் காட்டுமாறு கேட்டார். விலக்குவதற்குத் திரை ஏது? திரைச்சீலைதான் படம்! தாம் ஏமாற்றியது பறவைகளை, அவர் ஏமாற்றியதோ ஓர் ஓவியனை என்று சூக்சிஸ் தோல்வியை ஒப்புக்கொண்டாராம். உரோமானிய அறிஞர் பிளினி இந்தக் கதையை எழுதி வைத்திருக்கிறார்.

கதை நடந்ததோ இல்லையோ, துணியைத் துணியாகவே தோன்றும்படி வரைவது கனியை வரைவதைவிடக் கடினம் என்பதில் எனக்கு ஐயமில்லை. கனிக்குத் தோல் உண்டு. தோலின் நிறத்தையும் பளபளப்பையும் பிடித்துவிட்டால் போதும். துணிக்குத் தோல் என்று ஒன்று கிடையாது. நூலின்மேல் நூலும் நூலின்கீழ் நூலுமாகப் பின்னிக் கிடக்கும் ஓர் ஏற்பாட்டையே நாம் துணி என்கிறோம். அந்த ஏற்பாடு கண்ணில் படாவிட்டால், நீங்கள் எத்தனை அழகாக நிறம் தீட்டினாலும் அது வண்ணக் காகிதமாகத்தான் நிற்கும்.

இன்று கணினியில், வெக்டர் முறையில், துணியையும் அதன்மேல் ஓடும் தையலையும் மெய்போல வரைவதைப் பற்றிச் சிறிது பேச விரும்புகிறேன். படத்தைக் காட்ட இயலாத வானொலியில் படம் வரைவதைப் பற்றிப் பேசுவது சற்று வேடிக்கைதான். ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்தப் பேச்சு முடியும் வரையில், நீங்கள் உடுத்தியிருக்கும் ஆடையின் ஓரம் ஒன்றைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். படத்துக்குப் பதிலாக அது உதவும்.

முதலில், வெக்டர் முறை என்பது யாது? கணினியில் படத்தைச் சேமிக்க இரண்டு வழிகள் உண்டு. படத்தைச் சின்னஞ்சிறு சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு சதுரத்துக்கும் நிறம் குறித்து வைப்பது ஒரு வழி. இச்சதுரத்தைப் பிக்சல் என்பர். புகைப்படங்கள் எல்லாம் இவ்வகையின. பெரிதாக்கினால் இவற்றின் ஓரங்கள் படிக்கட்டுப்போலாகிவிடும். வெக்டர் முறையிலோ படம் என்பது கட்டளைகளின் தொகுதி. இன்ன இடத்தில் தொடங்கு, இன்ன இடத்தில் முடி, இடையில் இவ்வளவு வளை, உள்ளே இன்ன நிறத்தால் நிரப்பு என்ற குறிப்புகளே படமாகின்றன. அஞ்சல் தலை அளவில் வரைந்ததைச் சுவரளவு விரித்தாலும் கோட்டின் கூர்மை குறைவதில்லை.

இம்முறையின் வரலாற்றை விரிக்க நேரமில்லை. 1963இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஐவன் சதர்லாந்து என்ற இளைஞர், ஒளிப்பேனாவைக் கொண்டு திரையிலே வரையும் ஸ்கெட்ச்பேட் என்ற அமைப்பைத் தம் ஆய்வுக்காக உருவாக்கினார். வளைகோடுகளை எண்களால் குறிக்கும் வழியை வகுத்தவர்கள் பிரெஞ்சு மோட்டார் கார்த் தொழிற்சாலைகளில் பணிபுரிந்த இருவர். சிட்ரோயென் நிறுவனத்தின் பால் தெ காஸ்தல்யோ 1959இலேயே அதைக் கண்டார். நிறுவனம் அதை இரகசியமாக வைத்துக்கொண்டது. ரெனோ நிறுவனத்தின் பியேர் பெசியே தனியே அதே வழியை அடைந்து வெளியிட்டார். எனவே அவ்வளைகோடு பெசியே வளைகோடு என்று பெயர் பெற்றது. 1987இல் அடோபி நிறுவனத்தின் இல்லஸ்ட்ரேட்டர் வந்தது. 2003இல் தொடங்கிய இங்க்ஸ்கேப் என்ற மென்பொருள் எவரும் காசின்றிப் பெற்றுக்கொள்ளக் கூடியது. நான் பயின்றது இதில்தான். ஓய்வூதியத்தில் வாழ்பவனுக்கு ஏற்றதும் அதுவே.

நான் இதைக் கற்றது தலைமையாசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின்னர். பழைய மாணவர் சிலர், பள்ளி ஆண்டுவிழா அழைப்பிதழின் முகப்புக்கு ஒரு படம் வேண்டும் என்று கேட்டார்கள். நீல ஜீன்ஸ் துணியின்மேல் வெண்பருத்தித் துண்டு ஒன்றை ஆரஞ்சு நூலால் தைத்து, அந்தத் துண்டில் பள்ளியின் பெயர் விளங்குவதாக ஒரு படம் வரையலாம் என்று எண்ணினேன். நீல நிறம் நிரப்பிய ஒரு செவ்வகம். அதனுள் வெள்ளைச் செவ்வகம் ஒன்று. வெள்ளையின் ஓரத்தில் விட்டுவிட்டுச் செல்லும் ஆரஞ்சுக் கோடு. அரைமணி நேரத்தில் வேலை முடிந்தது. அன்று எனக்கிருந்த பெருமிதம் சூக்சிஸின் பெருமிதத்துக்குச் சற்றும் குறைந்ததன்று.

படத்தை அச்செடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பேரனுடைய காற்சட்டையை வாங்கி வருவதற்காக எங்கள் தெருமுனைத் தையற்கடைக்குப் போனேன். தையற்காரர் எனக்கு வயதில் மூத்தவர். படத்தைக் காட்டினேன். அவர் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு, "கோடு நன்றாக இருக்கிறது, வாத்தியாரய்யா. தையல் எங்கே?" என்று கேட்டார். நான் ஆரஞ்சுக் கோட்டைச் சுட்டிக் காட்டினேன். "இந்த நூல் துணிக்குள் இறங்கவே இல்லையே. மேலேயே கிடக்கிறது. ஊதினால் பறந்துவிடும். இங்கே பாருங்கள், மூலையில் நூல் எதைப் பிடித்துக்கொண்டு திரும்புகிறது?" என்றார்.

என்னால் விடை சொல்ல முடியவில்லை. உற்றுநோக்கி வரையுங்கள் என்று முப்பது ஆண்டுகளுக்கு மேலாக மாணவர்களுக்குச் சொல்லி வந்தவன், என் தோளிலும் கழுத்திலும் நாள்தோறும் கிடக்கும் தையலை ஒருமுறையும் உற்றுநோக்கியதில்லை. இன்னும் ஒன்றையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். தேர்வு நெருங்கும் காலங்களில் தையல், கைத்தொழில் பாடவேளைகளை எடுத்துக் கணக்குப் பாடத்துக்குக் கொடுத்தவன் நானே. அப்போது அது மிகச் சரியான செயலாகவே தோன்றியது.

தையற்காரர் என்னை இயந்திரத்தின் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு அமர்த்தினார். அதன் பின்னர் நான் கற்றதைத்தான் இப்போது உங்களுக்குச் சொல்லப் போகிறேன். தையலுக்கு முன் துணியைப் பார்ப்போம்.

நீளவாக்கில் தறியில் கட்டியிருக்கும் நூல் பாவு. குறுக்கே நாடா கொண்டு ஓட்டும் நூல் ஊடை. சாதா நெசவில் ஊடை, ஒரு பாவின் மேலும் அடுத்த பாவின் கீழுமாக மாறிமாறிச் செல்லும். இந்நெசவில் அமைந்த கட்டத் துணியை எடுத்துக்கொள்ளுங்கள். கைலியில் காண்கிறோமே, அந்தக் கட்டம்; இந்நகரின் பழைய பெயராலேயே மதராஸ் என்று உலகச் சந்தையில் வழங்கும் கட்டமும் அதுதான். வெள்ளைத் துணியில் சிவப்புக் கட்டம் என்றால் கணினியில் எப்படி வரைவீர்கள்? வெள்ளைத் தளத்தின்மேல் நெடுக்கே சில சிவப்புப் பட்டைகள், குறுக்கே சில சிவப்புப் பட்டைகள் என்று வரைவீர்கள். இரண்டையும் பாதி ஒளிபுகுமாறு செய்தால் கட்டம் கிடைத்துவிடும் என்று நானும் எண்ணினேன். வந்த படம் துணியாக இல்லை. கண்ணாடிக் காகிதத்தை ஒன்றன்மேல் ஒன்று ஒட்டியதுபோல இருந்தது.

ஏன்? கணக்குப் போட்டுப் பாருங்கள். நெடுக்குப் பட்டை பாதிச் சிவப்பு. அதன்மேல் இன்னொரு பாதியை வைத்தால், எஞ்சிய வெள்ளையில் பாதிதான் சிவப்பாகும். ஆக, பட்டைகள் சந்திக்கும் இடத்தில் நூற்றுக்கு 75 பங்கு சிவப்பு. மெய்யான துணியில் என்ன நிகழ்கிறது? சிவப்புப் பாவும் சிவப்பு ஊடையும் சந்திக்கும் இடத்தில் சிவப்பைத் தவிர வேறு நூலே இல்லை. அங்கே நூற்றுக்கு நூறும் சிவப்பு. சிவப்பும் வெள்ளையும் சந்திக்கும் இடத்தில் ஒரு புள்ளி சிவப்பு, ஒரு புள்ளி வெள்ளை என்று மாறி நிற்பதால், தொலைவிலிருந்து பார்க்கும் கண்ணுக்கு இளஞ்சிவப்பு.

பிழை எங்கே என்று இரண்டு நாள் தேடினேன். வெள்ளையைத் தளம் என்று நினைத்ததே பிழை. வெள்ளை நூலும் நூல்தானே! அதுவும் குறுக்கே ஓடித்தான் வருகிறது. ஆகவே முதலில் பாவை மட்டும், சிவப்பு வெள்ளை இரண்டையும், முழு நிறத்தில் வரைய வேண்டும். அதன்மேல் ஊடையை, அதன் வெள்ளைப் பட்டைகளையும் விடாமல் வரைந்து, அந்த ஊடை முழுவதையும் ஒரே தொகுதியாகப் பாதி ஒளிபுகச் செய்ய வேண்டும். சிவப்பின்மேல் சிவப்பு முழுச் சிவப்பாகும். சிவப்பின்மேல் வெள்ளை பாதியாகும். வெள்ளையின்மேல் வெள்ளை வெள்ளையாகவே நிற்கும். நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது சொல்லாமலே தெரிந்திருக்கும்.

இனி ஜீன்ஸ் துணி. இதற்கு டெனிம் என்று பெயர். இதன் நெசவு சாதா நெசவன்று. ட்வில் என்னும் சாய்வரி நெசவு. பாவு நீலம், ஊடை சாயமிடாத வெள்ளை. ஒவ்வொரு பாவு நூலும் மூன்று ஊடைகளின் மேல் சென்று, நான்காவதன் கீழ் இறங்கும். அடுத்த பாவு இதையே ஓர் ஊடை தள்ளிச் செய்யும். அதற்கடுத்தது இன்னும் ஒன்று தள்ளி. எனவே முகப்பில் நீலம் மிகுந்தும் முதுகில் வெள்ளை மிகுந்தும் இருக்கும். வெள்ளைப் புள்ளிகள் சாய்வாக வரிசை கட்டும். பெரும்பாலான டெனிமில் அச்சாய்வு இடக்கீழிலிருந்து வலமேலாக ஏறும். பாவு நூல்கள் ஊடையைவிட நெருக்கமாக இருப்பதால், சாய்வு 45 பாகையைவிடச் சற்றுச் செங்குத்தாக நிற்கும். இணையான சாய்வுக் கோடுகளை 45 பாகையில் நிரப்பிவிட்டு இது டெனிம் என்று சொல்பவர்கள் உண்டு. ஜீன்ஸ் அணிந்த மாணவர்கள் முழங்காலைக் குனிந்து பார்த்தால் உண்மை தெரியும்.

இதை நூல் நூலாக வரைந்தால் என்ன ஆகும்? ஓர் அங்குலத்தில் 60 பாவு, 40 ஊடை என்று கொள்வோம். ஒரு சதுர அங்குலத்தில் 2,400 சந்திப்புகள். பத்தங்குலச் சதுரமான படத்துக்கு 2,40,000. கணினி திணறிப்போகும், நமக்கும் ஆயுள் போதாது. ஆனால் நெசவு திரும்பத் திரும்ப வருவதல்லவா? நான்கு பாவும் நான்கு ஊடையும் கொண்ட பதினாறு கட்டங்களை வரைந்துவிட்டால் போதும். அவற்றில் பன்னிரண்டு நீலம், நான்கு வெள்ளை. இந்தச் சிறு ஓட்டை, தரையில் ஓடு பதிப்பதுபோல எங்கும் பரப்புமாறு மென்பொருளுக்குக் கட்டளையிடலாம். மூன்று ஊடைகளின்மேல் செல்லும் நீல நூலை மூன்று சதுரங்களாக வரையாமல், ஒரே நெடிய அரிசிமணியாக, நடுவில் சற்று வெளிறியும் ஓரங்களில் கருத்தும் வரைந்தால் நூலின் உருட்சி தோன்றும்.

கட்டளையால் படம் என்றேனே, அதை முதலில் செய்து காட்டியதும் நெசவுதான். 1804இல் பிரான்சில் ஜக்கார்ட் அமைத்த தறி, துளையிட்ட அட்டைகளின் கட்டளைப்படி பூவேலை நெய்தது. அவருடைய உருவத்தையே 1839இல் சுமார் 24,000 அட்டைகளைக் கொண்டு பட்டில் நெய்தார்கள். கணக்கிடும் இயந்திரத்தைக் கனவு கண்ட சார்லஸ் பாபேஜ் அப்படம் ஒன்றை வைத்திருந்தார். துளையட்டை முறையையும் தம் இயந்திரத் திட்டத்தில் எடுத்துக்கொண்டார். துணி கணினிக்குக் கொடுத்த கடனைக் கணினி இப்போது திருப்பித் தருகிறது போலும்.

ஓடு பதித்த டெனிமிலும் ஒரு குறை உண்டு. அது மிகவும் ஒழுங்காக இருக்கும். மெய்த்துணியில் ஒரு நூல் தடித்தும் ஒரு நூல் மெலிந்தும் இருக்கும். ஒழுங்கின்மையைக் கணினியிடம் கேட்டுப் பெறுவது எப்படி? கென் பெர்லின் என்பவர், 1982இல் வந்த ட்ரான் என்னும் திரைப்படத்தில் பணிபுரிந்தபோது, கணினிப் படங்கள் இயந்திரத்தனமாக இருப்பதைக் கண்டு மனம் சலித்து, இயற்கையில் காண்பதுபோன்ற ஏற்ற இறக்கங்களைப் பிறப்பிக்கும் ஒரு கணித முறையை வகுத்தார். 1997இல் அதற்காகவே அவருக்கு ஆஸ்கர் குழுவினரின் தொழில்நுட்ப விருது கிடைத்தது. 2001இல் வரையறுக்கப்பட்ட எஸ்விஜி என்னும் வெக்டர் பட வடிவத்தில் அந்த முறை ஒரு வடிகட்டியாக அமைந்திருக்கிறது. அதற்கு இரண்டு எண்கள் கொடுக்கலாம்: கிடையாக எவ்வளவு விரைவில் மாற வேண்டும், நெடுக்காக எவ்வளவு விரைவில் மாற வேண்டும் என்று. இரண்டும் ஒன்றானால் மேகம்போல வரும். ஒன்றை மிகச் சிறிதாகவும் மற்றதைப் பெரிதாகவும் வைத்தால் மேகம் நீண்டு இழையாகிவிடும். இவ்விழையை மிக மெல்லிதாகத் துணியின்மேல் படியவிட்டால், நூல்களின் தடிப்பும் மெலிவும் தாமே வந்து சேரும். மெல்லிதாக என்பதை அழுத்திச் சொல்கிறேன். புதிதாகக் கற்பவர் எல்லாரும் இந்த வடிகட்டியைக் கண்டதும் துணியைச் சாக்காக்கிவிடுவது வழக்கம்.

மடிப்புகளைப் பற்றி ஒன்றுதான் சொல்வேன். லியனார்டோ டா வின்சி இளமையில், களிமண் பொம்மைகளின்மேல் சேறு தோய்த்த துணியைப் போர்த்தி, அது அசையாமல் நிற்கும்போது மடிப்புகளைப் பொறுமையாக வரைந்து பழகினார் என்று வசாரி எழுதுகிறார். மடிப்பை மனத்திலிருந்து வரைய அவரே துணியவில்லை.

இப்போது தையல். உங்கள் கையிலுள்ள ஓரத்தை நன்றாகப் பாருங்கள். கையால் ஓட்டுத் தையல் போட்டால், நூல் கொஞ்சதூரம் மேலே தெரியும். பின் அதே அளவு அடியில் மறையும். மேலே ஒரு பங்கு, இடைவெளி ஒரு பங்கு. மென்பொருள் தானாகத் தரும் விட்டுவிட்டுச் செல்லும் கோடு பெரும்பாலும் இதைத்தான் ஒத்திருக்கும். இயந்திரத் தையல் அப்படியன்று. அங்கே நூல் இரண்டு. ஊசியிலிருந்து வரும் நூல் மேலே. பாபினிலிருந்து வரும் நூல் கீழே. இரண்டும் துணியின் நடுவில், ஊசித் துளைக்குள் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. ஆதலால் மேல்நூல் ஒரு துளையிலிருந்து எழுந்து, அடுத்த துளையில் இறங்கி, அங்கிருந்தே மறுபடி எழுகிறது. இரண்டு தையல்களுக்கு இடையே ஊசித் துளையைத் தவிர வேறு இடைவெளியே இல்லை. ஜீன்ஸ் துணியின்மேல் கைத்தையலை ஓடவிட்டிருந்தேன் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

இந்த இடைவெளியைக் கோட்டின் அமைப்பிலேயே குறைக்கலாமே என்றால், அங்கும் ஒரு சிக்கல். நூல் உருண்டையாகத் தெரிவதற்காகக் கோட்டின் முனைகளை வட்டமாக்குகிறோம். வட்டமுனை, கோட்டின் தடிப்பில் பாதியளவு இருபுறமும் நீளும். தடிப்பு 3 என்றால் ஒவ்வொரு முனையும் ஒன்றரை. கோடு 9, இடைவெளி 1 என்று எண் கொடுத்தால் முனைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, எல்லாம் ஒட்டிக் கயிறாகிவிடும். கோடு 6, இடைவெளி 4 என்று கொடுத்தால்தான் கண்ணுக்குத் தையல் 9, துளை 1 என்று தெரியும். காகிதத்தில் எழுதிப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் விளங்கும்.

இனி மூலை. தையற்காரர் கேட்ட கேள்வி இதுதான். இயந்திரத்தில் மூலைக்கு வந்ததும் அவர் என்ன செய்கிறார்? ஊசியைத் துணிக்குள் இறக்கி நிறுத்துகிறார். அழுத்துபாதத்தைத் தூக்குகிறார். ஊசியை அச்சாகக் கொண்டு துணியைத் திருப்புகிறார். பாதத்தை இறக்கி மேலே தைக்கிறார். ஆகவே மூலையில் எப்போதும் ஒரு துளை இருந்தே தீரும். நூல் அந்தத் துளையைப் பிடித்துக்கொண்டுதான் திரும்புகிறது. மென்பொருளோ தன் அளவுப்படி கோடுகளை வெட்டிக்கொண்டே போய், மூலையில் எது விழுகிறதோ அதை அப்படியே மடக்கிவிடுகிறது. மூலைக்கு இருபுறமும் சமமாக அமையும்படி கோடுகளைச் சீர்செய்யும் வசதி சில மென்பொருள்களில் உண்டு. அதிலும் ஒரு கோடு மூலையில் முழங்கைபோல மடிந்தே நிற்கும். கட்டடப் படத்துக்கு அது அழகு, தையலுக்கு ஆகாது.

ஆகவே நான்கு பக்கங்களையும் நான்கு தனிக் கோடுகளாக வரைய வேண்டும். ஒவ்வொன்றிலும் முழுத் தையல்களே அடங்க வேண்டும். பக்கம் 120, தையலும் துளையும் சேர்ந்து 10 என்றால் 12 தையல், நல்லது. பக்கம் 125 என்றால் பன்னிரண்டரை; அரைத் தையல் என்று ஒன்று கிடையாது. தையலைச் சிறிது நீட்டி 12 ஆக்குங்கள். தையற்காரரும் மூலை நெருங்கும்போது இதைத்தான் கண்ணளவில் செய்கிறார். கைத்தொழில் வேளையைப் பிடுங்கிக் கணக்குக்குக் கொடுத்த எனக்கு, கணக்கு அங்கேயே இருந்தது என்பது இவ்வளவு காலம் கழித்துத் தெரிந்தது.

வளைவிலும் இதே நியாயம். இரண்டு துளைகளுக்கு இடையே இழுத்துப் பிடித்த நூல் நேராகத்தான் நிற்க முடியும். வட்டமான பையின் ஓரத்தில் ஓடும் தையல் வட்டமன்று. பல சிறு நாண்களால் ஆன பலகோணம். கோட்டை வளைத்து வெட்டும் முறையில் ஒவ்வொரு தையலும் வாழைப்பழம்போல வளைந்துவிடும். எனவே நான் இப்போது கோட்டை நம்புவதில்லை. ஒரே ஒரு தையலை நிதானமாக வரைகிறேன். இருமுனையும் ஒடுங்கிய ஓர் அரிசிமணி வடிவம். நடுவில் நிறம் வெளிறி, முனைகளில் கருத்திருக்கும். முனைகள் துணிக்குள் இறங்குகின்றன அல்லவா? மேல்விளிம்பில் ஒளிக்கீற்று ஒன்று. நூலின் முறுக்கைக் காட்ட இரண்டு மூன்று சாய்வு வரிகள். தையல் நூலின் முறுக்கு பெரும்பாலும் ஆங்கில எழுத்தான இசட்டின் நடுக்கோடுபோலச் சாய்ந்திருக்கும். முனைக்கொன்றாகக் கரிய சிறு துளை. இந்த ஒன்றைப் படியெடுத்து, நாண்களின்மேல் வரிசையாக வைக்கிறேன். படிகளைத் தாயோடு பிணைத்து வைக்கும் வசதி இங்க்ஸ்கேப்பில் உண்டு. தாயின் நிறத்தை மாற்றினால் எல்லாம் மாறும்.

இத்தனை செய்தும் நூல் இன்னும் துணியின்மேல் மிதக்கும். ஏனெனில் நூல் துணியை இழுக்கிறது. துணி அதற்கு விடை சொல்ல வேண்டும். தைத்த வரிசை சிறு வாய்க்கால்போலப் பள்ளமாகும். அதற்கும் விளிம்புக்கும் இடையே துணி சற்று மேடாகும். ஆகவே தையல் வரிசையின் அடியில், நூலைப்போல மூன்று மடங்கு அகலத்தில், மங்கலாக்கிய கருங்கோடு ஒன்றை ஓட்டுங்கள். விளிம்பு மேட்டில் மங்கலான வெண்கோடு ஒன்று. டெனிமானால் இந்த வெண்கோடு வெறும் ஒளி மட்டுமன்று. அவுரி நீலம் நூலின் நடுவரை ஊறுவதில்லை; மேற்புறத்திலேயே தங்கிவிடுகிறது. உராய்வுபடும் மேடுகளில் நீலம் தேய்ந்து உள்ளிருக்கும் வெள்ளை தலைகாட்டும். பழைய ஜீன்ஸின் தையலோரங்கள் வெளுத்து, பள்ளங்கள் மட்டும் கருநீலமாக இருப்பதன் காரணம் இதுவே. காரணம் தெரிந்தால் எங்கே வெளுக்க வேண்டும் என்று எவரையும் கேட்க வேண்டியதில்லை.

நிழல்கள் எல்லாம் ஒரே பக்கம் விழ வேண்டும் என்பதை நீங்களே அறிவீர்கள். துண்டின் ஓரத்தை மடித்துத் தைத்ததாகக் காட்டினால் பிரிநூல் தெரியக்கூடாது; மடிக்காமல் தைத்ததானால் தெரிந்தே ஆக வேண்டும்.

இங்கே உங்களில் சிலர் ஒரு கேள்வி கேட்கலாம். கணினித் திரையில் நூலும் இல்லை, ஊசியும் இல்லை. பின் எதற்கு இந்தப் பொய்த் தையல்? இது நல்ல கேள்வி. பெரிய நிறுவனங்களும் கேட்ட கேள்வி. 2011இல் ஆப்பிள் நிறுவனத்தார் தம் கணினி நாட்காட்டியைத் தோல் உறையும் தையலும் கிழிந்த தாளின் ஓரமும் தெரியும்படி அமைத்தார்கள். பலர் அதைப் பொருந்தாத அலங்காரம் என்று குறை கூறினர். 2013இல் வந்த பதிப்பில் தோலும் தையலும் நீங்கின; அதே ஆண்டில் கைப்பேசித் திரைகளும் தட்டையான நிறங்களுக்கு மாறின.

குறை கூறியவர்கள் பக்கத்தில் நியாயம் உண்டு என்றே நினைக்கிறேன். நாட்காட்டியில் தேதி பார்க்க வந்தவனுக்குத் தையல் எதற்கு? எதையும் இணைக்காத தையல் எனக்கும் பிடிப்பதில்லை. ஆனால் ஆடை வடிவமைப்பவர் துணியை வெட்டுமுன் அதன் தோற்றத்தைக் காட்ட வேண்டுமானால், கதைப்புத்தகத்தில் ஏழைச் சிறுவனின் ஒட்டுப்போட்ட சட்டையை வரைய வேண்டுமானால், அங்கே தையல் ஏதோ ஒன்றைப் பிடித்து நிறுத்துகிறது. அங்கே பொய்த்தையல் போட்டால், வரைந்தவர் அந்தச் சட்டையைப் பார்க்கவில்லை என்று தைத்தவருக்குத் தெரிந்துவிடும். எத்தனை நுணுக்கம் வேண்டும் என்பது பார்க்கும் தொலைவைப் பொறுத்தது. நகமளவு தெரியப்போகும் சின்னத்தில் முறுக்கு வரிகளை வரைவது வீண். அவை கலங்கி அழுக்காகத்தான் தெரியும்.

என் படத்தை மறுபடி வரைய மூன்று வாரம் ஆயிற்று. அழைப்பிதழுக்குக் காலம் கடந்துவிட்டது. பழைய மாணவர்கள் வேறொரு படத்தை அச்சிட்டுக்கொண்டார்கள். இருந்தாலும் அச்செடுத்துக்கொண்டு தையற்கடைக்குப் போனேன். பெரியவர் இம்முறை படத்தை வெளிச்சத்துக்குக் கொண்டு போனார். மூலைத் துளைகளை ஒவ்வொன்றாக எண்ணினார். வெள்ளைத் துண்டின் ஓரத்தில் கட்டைவிரலை வைத்து ஒருமுறை தடவிப் பார்த்தார். நான் மூச்சுவிடாமல் நின்றேன்.

"எல்லாம் சரி, வாத்தியாரய்யா. ஆரம்பித்த இடத்தில் திருப்பித் தைக்கவில்லையே. முதல் சலவையிலேயே பிரிந்துவிடுமே" என்றார்.

வீட்டுக்கு வந்து, கீழ் இடமூலையில், தையல் தொடங்கிய இடத்தின்மேல் இன்னும் மூன்று தையல்களை வைத்தேன்.